மோட்டாருக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த் தட்டில் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று இருக்கிறது. நீளம் ஏழடி, அகலம் ஐந்தடி. ஒரு மூலையில் கறுப்பு மையில் குத்திய ஐந்து இலக்க எண். எதிர் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. இதைப் போர்த்திக்கொண்டு யாரும் படுத்து நான் பார்த்ததில்லை. முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு காரின் மீது கிடந்தது. முழுக் காரின் மீதும் அல்ல, எஞ்சின் இருக்கும் முன்பகுதியில் மட்டும். இரண்டு முனைகளில் சணல் கயிறு கோத்துப் பம்பரோடு கட்டியிருந்தார்கள். அதன் மேல் பனி முத்து முத்தாக நின்றது. மார்கழி மாதம், காலை ஐந்து மணி, கோவில்பத்து. நான் மாடிப் படியில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன்.

காரைக்கால் மார்கழியைக் குளிர்காலம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். கடல் பக்கத்தில் இருப்பதால் வெப்பமானி இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கத் தயங்கும். ஆனாலும் எங்கள் ஊர் ஆண்கள் அந்த ஒரு மாதத்துக்குக் காதை மூடி மப்ளர் கட்டிக்கொள்வார்கள், டீக்கடையில் கையைத் தேய்த்துக்கொள்வார்கள். அதற்குமேல் குளிருக்காக யாரும் எதுவும் செய்வதில்லை. ஒருவர் மட்டும் செய்தார். அவர் தன் காருக்குக் கம்பளி போர்த்தினார். விடியுமுன் அதை விலக்கிவிட்டு, வண்டியை எங்கும் எடுக்காமல், நின்ற இடத்திலேயே ஏழு நிமிடம் எஞ்சினை ஓட விட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்காரர். கீழே அவர் இருந்தார், மாடியில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். தெருவில் அவருக்குப் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் யாராக இருந்தாலும் காரைக்காலில் சொல்தாதான். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் புரண்டு அப்படி நிலைத்துவிட்டது. அவர் வீடு சொல்தா வீடு, அவர் கார் சொல்தா கார். அறுபதைத் தாண்டியவர். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. பிரான்சில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு மனைவி இருந்தார். ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோவார். இவர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இங்கே தனியாக இருந்தார். சுரக்குடியில் கொஞ்சம் நிலம், சொந்தச் சமையல், ஒரு பழைய வெள்ளை டீசல் கார். குளிருக்குப் பயந்து ஊருக்கு ஓடி வந்தவர், குளிரே இல்லாத ஊரில் காருக்குக் கம்பளி போர்த்துகிறார் என்பதுதான் தெருவின் முதல் வேடிக்கை.

அந்த வேடிக்கையை நடத்தியவர் எதிர்வீட்டு அக்கா. திருவேட்டக்குடிக்காரர், மீன் வியாபாரி. சுனாமிக்குப் பிறகு குடும்பத்தோடு உள்ளே தள்ளி வந்து எங்கள் தெருவில் குடியேறியவர். ஏலத்துக்குப் புறப்படுமுன் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டே பேசுவார். அவர் குரலுக்குத் தெருவின் அகலம் போதாது.

“சொல்தா மாமா, காருக்கு ராத்திரி இருமல் ஏதும் இருந்துச்சா?”

“இல்லம்மா. நல்லாத் தூங்கிச்சு.”

“ஒரு டம்ளர் சுக்குக் காப்பி வேணா போட்டுத் தரவா, அதுக்கு?”

“டீசல்தான் குடிக்கும். இருந்தா குடு.”

அவர் சிரிக்காமல் பதில் சொல்வார். அதனால் வேடிக்கை இன்னும் ருசிக்கும். நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது ஒரு நாளிதழின் காரைக்கால் செய்தியாளனாக இருந்தேன். பார்ப்பது, நேரத்தைக் குறிப்பது, எண்ணுவது எல்லாம் தொழிலாகவே பழகியிருந்தன. ஒரு விபத்துக்குப் போனால் டயர்த் தடத்தின் நீளத்தைக் காலடியால் அளந்துவிட்டுத்தான் திரும்புவேன். அந்தக் கண்ணில் எனக்கு நிறையவே நம்பிக்கை இருந்தது.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது மார்கழி அது. என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்துக்கொண்டு இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. மருத்துவர் அம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. “வலி வராமலே ரத்தம் போகலாம். ஒரு சொட்டுப் பார்த்தாலும் அரை மணி நேரத்துல இங்க இருக்கணும். குளிச்சிட்டு வரேன், காப்பி குடிச்சிட்டு வரேன்னு சொல்லக் கூடாது” என்றார். மருத்துவமனை ஊருக்குள், எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஒரு எண்ணை அழுத்தினால் வாசலுக்கு வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் அந்த நாளில் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு பைக். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரிடம் பேசி, அவர் எண்ணைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தேன். எந்த நேரமானாலும் வருவதாகச் சொல்லியிருந்தார். ஏற்பாடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று நான் பைக்கை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தேன். படியடியில் சொல்தா என் மனைவியிடம் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். அரை மணி நேரம் என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எஞ்சின் ஓடியது. அதற்கு அடுத்த நாளும் ஓடியது. அதற்கு முந்தைய மார்கழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மூன்று நிமிடம் ஓட விடுவார். இந்த ஆண்டு தினமும், ஏழு நிமிடம். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வேறு மாற்றங்களும் தெரிந்தன. எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கும் கார் இப்போது தெருவைப் பார்த்து நின்றது. கேட்டில் தொங்கும் சங்கிலியும் பூட்டும் காணாமல் போய், கொண்டி மட்டும் போட்டிருந்தது. சுரக்குடியிலிருந்து வரும் அரிசி மூட்டைகள் பின் சீட்டில்தான் வாரக்கணக்கில் கிடக்கும். அவற்றையும் இறக்கிவிட்டார். எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் விட்டுவிடவில்லை. பார்த்ததை வைத்து என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனது. பெட்டிச் செய்தி எழுதினேன்.

மாவட்டப் பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி, ஏழெட்டு வரி. தலைப்பு, ‘காருக்கும் குளிரும்’. வெட்டி வைத்த தாள் இன்னும் இருக்கிறது, ஆகையால் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. “கோவில்பத்துப் பகுதியில் வசிக்கும் முன்னாள் பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவர், மார்கழிப் பனியில் நடுங்கும் தன் காருக்குக் கம்பளி போர்த்திப் பாதுகாத்து வருகிறார். விடியற்காலையில் கம்பளியை விலக்கி ஏழு நிமிடம் எஞ்சினைச் சூடாக்குகிறார். பனி ஏறி உட்கார இடம் வேண்டும் என்றோ என்னவோ, பின் சீட்டைக்கூடக் காலி செய்து வைத்திருக்கிறார். கிளம்பும் புகையில் மாடி வீட்டுக் கர்ப்பிணி ஒருவர் தினமும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.” பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. காருக்குக் கம்பளி போர்த்துகிறவர் காரைக்காலில் ஒருவர்தான்.

பத்திரிகை வந்த காலையில் என் மனைவி அதை வாசித்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, நான் எப்ப மூக்கப் பொத்துனேன்?”

“ஒரு நாள் பொத்துனியே. படியில நின்னுக்கிட்டு.”

“அது நீங்க வாங்கிட்டு வந்த கருவாட்டுக்கு.”

எழுத்து என்றால் ஒரு முடிப்பு வேண்டும், அதற்காக அப்படிச் சேர்ப்பது வழக்கம் என்று விளக்கினேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, “வழக்கமா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு எஞ்சின் ஓடவில்லை. கம்பளியும் காரின் மேல் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று லேசான பெருமிதம் இருந்தது. எழுதினால் நடக்கிறது பார் என்ற எண்ணம். எட்டு மணிக்கு இறங்கி வரும்போது அவர் படியடியில் காத்திருந்தார். கையில் நாலாக மடித்த பத்திரிகை. சண்டைக்கு நான் தயாரானேன்.

“தம்பி, இதுல ஒரு தப்பு இருக்கு.”

“என்னங்கய்யா?”

“சிப்பாய்னு போட்டிருக்கீங்க. நான் துப்பாக்கி புடிச்சது ட்ரெய்னிங்ல, கொஞ்ச நாள். அப்புறம் கடைசி வரைக்கும் ஷொஃபேர். கொலொனெலுக்கு, அதான் கர்னலுக்கு, வண்டி ஓட்டினேன்.”

தெருவே சொல்தா என்றுதானே சொல்கிறது என்றேன். தெரு சொல்லட்டும், தெருவில் அச்சடிக்கவில்லையே என்றார். பிறகு அந்தச் சொல்லை எனக்குப் பிரித்துக் காட்டினார். ஷொஃபேர் என்றால் இங்கே டிரைவர் என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் சூடு பண்ணுகிறவன். பழைய காலத்து மோட்டார் கொதிகலன் வைத்து ஓடியது, அதற்குத் தீ மூட்டிச் சூடேற்றுகிறவனுக்கு அந்தப் பெயர். ஓட்டுவது பிறகு வந்த வேலை. அவர் இருந்த ஊரில் பனிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்துக்குப் போகும். அதிகாலை நாலு மணிக்குக் கம்பளியை விலக்கி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறு மணிக்குக் கொலொனெல் வந்து ஏறும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும். “ஓட்டத் தெரிஞ்சவன் நெறய பேரு இருந்தான் தம்பி. கேட்ட நேரத்துக்கு வண்டிய ரெடியா வச்சிருக்கிறவன்தான் ஷொஃபேர்” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு எழுத்துப் பிழையைக் காட்டுகிறவரின் பொறுமைதான் இருந்தது. “திருத்தம் போடுவீங்கல்ல?”

பார்க்கலாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

“பொகை விஷயம் எனக்குத் தோணவே இல்ல. அத எழுதினது நல்லதுதான். நெறஞ்ச வயித்தோட இருக்கற பொண்ணு. வண்டியத் தெரு முனைக்குத் தள்ளிட்டுப் போயி அங்க ஸ்டார்ட் பண்ணலாம்னு பாத்தேன். தனியாத் தள்ள முடியல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். புகை அவளை ஒன்றும் செய்யவில்லை, நானாகச் சேர்த்தது என்று. தள்ளுவதற்கு ஒரு கை கொடுக்கவாவது செய்திருக்கலாம். எனக்கு நகராட்சிக் கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “பரவால்லங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன்.

பத்து நாள் தெரு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் பேச்சுத் துணை போய்விட்டது. “என்ன மாமா, காருக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?” என்று ஒரு நாள் கேட்டார். சொல்தா, “ஓய்வுல இருக்கும்மா” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. நாலு ஐம்பதுக்கு என் மனைவி என் தோளைத் தொட்டு எழுப்பினாள். “ஏங்க, ஈரமா இருக்கு. வெளக்கப் போடுங்க” என்றாள். பதற்றமே இல்லாத குரல். விளக்கைப் போட்டேன். படுக்கையில் பார்த்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சொட்டு அல்ல.

காலண்டரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஆட்டோக்காரரின் மனைவி எடுத்தார். “அவரு மாலை போட்டு மலைக்குப் போயிட்டாருங்க. திங்கக்கெழமதான் வருவாரு” என்றார். மார்கழியில் சபரிமலைக்கு யார் யார் போவார்கள் என்று ஆண்டுதோறும் செய்தி எழுதுகிறவன் நான். என் ஆட்டோக்காரர் கழுத்தில் மாலை கிடந்ததைப் பார்த்துக்கொண்டே அவர் எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறேன். டாக்சி நிறுத்தத்துக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை விடியலில் காரைக்காலின் வாடகை வண்டி எல்லாம் எங்கே இருக்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியும். சனி பகவானைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருநள்ளாற்றில் இருக்கும்.

படியில் பாதி இறங்கும்போதே கீழ் வீட்டு விளக்கு எரிவது தெரிந்தது. சொல்தா சட்டையும் கால்சட்டையும் போட்டுக் கதவைத் திறந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?”

“நாலு அம்பது.”

“நடக்க விடாதீங்க. நாற்காலியில வச்சுத் தூக்குங்க.”

எதிர்வீட்டு அக்கா கோலப்பொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார், கூடவே அவர் கணவரும். நானும் அவரும் நாற்காலியைத் தூக்கினோம். என் மனைவி இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மூணாவது படி ஒடஞ்சிருக்கு” என்று எங்களுக்கு வழி சொன்னாள். காரின் பின் கதவைத் திறந்தபோது சீட்டில் சாம்பல் கம்பளி விரித்திருந்தது. சுருக்கமில்லாமல், ஓரம் உள்ளே மடித்து. அப்போது விரித்ததல்ல. பத்து நாளாக அப்படியே இருந்திருக்கிறது.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை முனகி நின்றது. இன்னொரு முறை முயலவில்லை. நானாக இருந்தால் பாட்டரி சாகும்வரை திருப்பிக்கொண்டே இருந்திருப்பேன். அவர் இறங்கி முன்மூடியைத் திறந்து என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். “பத்து நாள் சும்மா நின்னதுல காத்து புடிச்சிருக்கு” என்றார். டீசல் வரும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேராது. ஒரு திருகைத் தளர்த்தி, பக்கத்தில் இருந்த சிறிய கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். நுரை நுரையாகக் குமிழ் வந்தது. அன், தெ, த்ருவா என்று பிரெஞ்சில் வாய்க்குள் எண்ணினார். பனி அவர் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. விரல் ஒரே சீராக வேலை செய்தது. குமிழ் நின்று டீசல் இழையாக ஒழுகியதும் திருகை முறுக்கினார். ஐந்து மணி மூன்று நிமிடம்.

“இப்ப ஹீட்டர். முப்பது எண்ணணும். யாரும் பேசாதீங்க.”

டீசல் வண்டியில் சாவியைப் பாதி திருப்பினால் எஞ்சினுக்குள் இருக்கும் கம்பிகள் சிவக்கச் சூடாகும். அதுவரை முன்பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருந்த முப்பது எண்ணிக்கையில் எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். தெருவைப் பார்த்து நிற்கும் கார். பூட்டு இல்லாத கேட். மூட்டை இல்லாத பின் சீட்டு. தினமும் ஐந்து மணி, ஏழு நிமிடம். எல்லாமே நான் குறித்து வைத்தவைதான், வரிசை மாறாமல். அவை யாருக்காக என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டிச் செய்தி வந்திருக்காது. இந்த விளக்கு பத்து நாளும் எரிந்திருக்கும், கார் இந்நேரம் மருத்துவமனை வாசலில் நின்றிருக்கும்.

முப்பது முடிந்ததும் சாவியை முழுதாகத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை இருமியது. பாட்டரி அத்தோடு படுத்தது.

“தள்ளுங்க” என்றார். “வாய்க்கால் மதகு வரைக்கும். நான் கையக் காட்டினா நிறுத்தாதீங்க, இன்னும் வேகமாத் தள்ளுங்க.”

நான், எதிர்வீட்டு அக்கா, அவர் கணவர். மூன்று பேர். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் கார் சற்றுச் சுலபமாக உருண்டது. அக்கா குனிந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். வாய் சும்மா இருக்கவில்லை. “போ, என் ராசா. போ. ஒன்ன எம்புட்டுக் கேலி பண்ணிருக்கேன், மனசுல வச்சுக்காத. போ” என்று காரிடம் பேசிக்கொண்டே வந்தார். சொல்தாவின் கை வெளியே நீண்டது. இன்னும் வேகமாகத் தள்ளினோம். கார் ஒரு குலுக்குக் குலுங்கி எங்களைப் பின்னுக்குத் தள்ளியது, பிறகு ஒரு வெடிச் சத்தம், கறுப்புப் புகை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் ஓடி முன் கதவைத் திறந்து ஏறினேன். வண்டி நிற்கவில்லை. ஏழு நிமிடம் காத்திருக்காமல் அவர் அந்தக் காரை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சூடாகாத எஞ்சின் கல்லை மென்றதுபோல் கடகடத்தது. “மோட்டார் கெட்டா கெடட்டும்” என்றார், என்னிடம் அல்ல.

மதகைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறும்போது பின் சீட்டிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

“மாமா.”

“சொல்லும்மா. பேசாம இருந்தா நல்லது.”

“பொகை எனக்கு ஒண்ணும் பண்ணல. நான் மூக்கப் பொத்தவே இல்ல. அவரு சும்மா எழுதிட்டாரு.”

அந்த நிலையில் அவள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் கணக்குப்படி சொல்லாமல் விட முடியாத விஷயம் அது. நான் முன்கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனியில் முன்விளக்கு இருபது கஜத்துக்குமேல் எட்டவில்லை. சொல்தா மூக்கால் லேசாகச் சிரித்தார்.

“அப்ப ரெண்டு திருத்தம்” என்றார்.

ஐந்து பன்னிரண்டுக்கு மருத்துவமனை வாசல். இருபத்திரண்டு நிமிடம். உள்ளே இரவுப் பணியில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். யாரோ என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், கதவு மூடியது. ஆறு மணி கடந்து மருத்துவர் அம்மா வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறது. தாய்க்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, பயமில்லை என்றார். “இன்னும் கால் மணி தாமதிச்சிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன்” என்று சேர்த்துக்கொண்டார். அவர் எதையும் முடிப்புக்காகச் சேர்க்கிறவர் அல்ல.

வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக அதை அணைக்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டரி செத்துவிட்டது, அணைத்தால் மறுபடி பிடிக்காது. வேறு பெரிய ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னால் வண்டி தயாராக இருக்க வேண்டும் அல்லவா. டிக்கியின் மீது கோலப்பொடியில் இரண்டு வெள்ளைக் கைத்தடங்கள், ஐந்து விரலும் தெளிவாக. குனிந்து கண்ணாடி வழியாகச் சொன்னேன்.

“பொண்ணுங்கய்யா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“அப்ப இனிமே அணைக்கலாம்” என்று சாவியைத் திருப்பினார்.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, “டீ குடிப்போம்” என்றார். டீக்கடையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கட்டைவிரல் நுனியில் டீசல் கறை இருந்தது.

திருத்தம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். டெஸ்க்கில் இருந்தவர் போனில் சிரித்தார். “பெட்டிச் செய்திக்கெல்லாம் யாருய்யா திருத்தம் போடுவா? கேஸ் கீஸ் போட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எதுக்கு என்றார். நான் இன்னும் இரண்டு முறை அனுப்பினேன். வரவில்லை. சொல்தாவிடம் அதைச் சொன்னபோது, “அப்ப பாக்கியில இருக்கு” என்றார். கம்பளியை என் மனைவி இரண்டு முறை ஊற வைத்துத் துவைத்தாள். படையில் குத்திய எண் போகவில்லை, கறையும் போகவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ள மறுத்தார். இனி அது மோட்டாருக்கு இல்லை, குழந்தைக்கு என்றார். புதுப் பாட்டரி வாங்கிப் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஐந்து மணிக்கு எஞ்சின் மறுபடி ஓடியது, கம்பளி இல்லாமல். அந்தச் சத்தத்தில் குழந்தை ஒரு நாளும் விழித்ததில்லை. நிறுத்தினால்தான் விழிக்கும்.

சில ஆண்டுகள் கழித்து முழங்கால் தேய்ந்து, மகள் வற்புறுத்திக் கூப்பிட, காரை விற்றுவிட்டுப் பிரான்சுக்கே போய்விட்டார். நாங்கள் அந்த மாடியிலிருந்து மாறவில்லை. இப்போது என்னிடம் ஒரு கார் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அரை நொடியில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. காத்திருக்கத் தேவையில்லை, உடனே கிளம்பலாம் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறது. அது சரியாகத்தான் இருக்கும். என் மகள் கல்லூரிக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். பனிக்காலத்தில் சொல்தா அவளுக்குத்தான் முதலில் போன் செய்வார். அங்கே மைனஸ் நாலு, இங்கே எவ்வளவு என்று கேட்பார். இருபத்திரண்டு என்பாள். “அப்ப குளிருதான்” என்பார். பிறகு போன் என் கைக்கு வரும். “திருத்தம் வந்துடுச்சா தம்பி?” இல்லைங்கய்யா என்பேன். ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி, இதே பதில், இதே மூக்குச் சிரிப்பு.

கார்த்திகை முடிந்ததும் கம்பளியை எடுத்து மாடிக் கொடியில் வெயிலுக்குப் போடுவது வழக்கம். நேற்றுப் போட்டேன். எதிர்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்து, “என்ன தம்பி, ஒங்க காருக்கும் சளி புடிச்சிருச்சா?” என்றார். வயது ஏறியும் குரல் இறங்கவில்லை. கொடியில் தொங்கிய கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அனுப்பி அனுப்பி அச்சேறாமல் போனதை நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆகவே, திருத்தம். முன்பொரு மார்கழியில் நான் எழுதிய பெட்டிச் செய்தியில் முன்னாள் சிப்பாய் என்று இருப்பதை ஷொஃபேர் என்று வாசிக்க வேண்டும். மாடி வீட்டுக் கர்ப்பிணி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இவை அவர் கணக்கில் இருந்த இரண்டு. மூன்றாவதை அவர் கேட்கவில்லை, நானே சேர்க்கிறேன். பின் சீட்டைக் காலி செய்தது பனி ஏறி உட்காருவதற்காக அல்ல. அங்கே உட்கார்ந்து போனது யார் என்பதற்கு இந்தக் கம்பளியின் மூலையில் அடையாளம் இருக்கிறது.